சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் அளந்து பாருங்கள்

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. நான்கு கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வரை ஒரு குறையும் இல்லை. நடுப்பகலில் ஐந்தாவது கடை வாசலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதே தவிர எஞ்சின் பிடிப்பதில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாதது போல் ஓடுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு எலெக்ட்ரானிக் பியூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

பிறகு நடப்பதும் நமக்குத் தெரியும். முதலில் டிரைவர் மேல் பழி. அடுத்து ஒர்க்‌ஷாப்பில் பம்பை மாற்றுகிறார்கள், சரியாகவில்லை. இன்ஜெக்டரை மாற்றுகிறார்கள், அதுவும் சரியாகவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். எடை போடாமல் ஒரு மூட்டை பருப்பு எடுக்காத நாம், அளந்து பார்க்காமல் மாற்றிய பாகங்களுக்குப் பில் பாஸ் செய்கிறோம். இது வியாபாரிக்கு அழகல்ல என்பதே நமது கருத்து.

“பழைய கார்புரேட்டரே மேல்” என்று சொல்வோரும் உண்டு. அதை நாம் ஏற்பதற்கில்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடெங்கும் புதிய புகைக் கட்டுப்பாடு வந்ததையொட்டி, புதிய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் படிப்படியாக மறைந்தது. இன்று அதை நன்கு டியூன் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. மேலும் சூட்டைத் தாங்குவதில் இன்ஜெக்‌ஷனே உயர்ந்தது. காரணம் எளிது. எஞ்சினை நிறுத்தியதும் ரேடியேட்டர் தண்ணீரின் ஓட்டமும் நின்றுவிடுகிறது. ஆகவே அடுத்த கால் மணி நேரம் பானெட்டுக்குள் சூடு குறைவதில்லை, ஏறுகிறது. பெட்ரோலில் உள்ள லேசான பகுதி சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் அழுத்தம் கால் கிலோ அளவுதான். இன்ஜெக்‌ஷனில் சுமார் 3 கிலோ. அழுத்தம் கூடினால் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. அப்படியிருந்தும் மாற்றிய வண்டி தகராறு செய்தால், பொருத்திய விதத்தில் குறை இருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும்.

காசு செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. ஒவ்வொரு டிரைவருக்கும் இவற்றைச் சொல்லி வைக்கலாம்.

முதலாவது: சூட்டில் நின்ற வண்டியை உடனே சுற்றாமல், சாவியை ஆன் செய்து பம்ப் ஓடி நிற்கும் வரை இரண்டு விநாடி பொறுத்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும். இப்படி மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் ஆனால், நிறுத்தியிருந்த நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கி, பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது: ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு சுற்றுவது. பல கம்ப்யூட்டர்கள் அப்போது பெட்ரோலை நிறுத்திவிடும். அதில் ஸ்டார்ட் ஆனால், பெட்ரோல் கூடுதலாக இறங்கியிருக்கிறது. ஒன்று இன்ஜெக்டர் சொட்டுகிறது, அல்லது டெம்பரேச்சர் சென்சார் சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தவறாகச் சொல்கிறது.

இரண்டிலும் பலனில்லை என்றால், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சார், காயில், செல்ஃப் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியின் மெல்லிய ஒயர்களும் துருப்பிடித்த எர்த்தும் கம்ப்யூட்டருக்குப் போதாமல் போவதுண்டு.

அழுத்தம் இறங்குகிறது என்று தெரிந்தால், பிரஷர் கேஜ் மாட்டி எஞ்சினை நிறுத்தியபின் முள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கூடவே வண்டிக்குக் கீழே குனிந்து மூன்று இடங்களைப் பாருங்கள். பம்ப் டேங்குக்குள்ளோ, டேங்கை ஒட்டித் தாழ்வாகவோ இருக்கிறதா? இந்தப் பம்ப் தள்ளுவதற்கு ஏற்றது, தூரத்திலிருந்து உறிஞ்சுவதற்கு ஏற்றதல்ல. எஞ்சின் பக்கம் வைத்தால் சூட்டில் திணறும். எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் பெட்ரோல் ஒரே இடத்தில் கிடந்து காயும். பெட்ரோல் பைப் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகிறதா? தள்ளிப் போட்டு, நடுவே ஒரு தகடு வைத்தால் போதும். பம்பின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய் 3 கிலோ அழுத்தத்துக்கு உரியதல்ல. பெட்ரோலில் இப்போது கலந்து வரும் எத்தனாலும் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை. குழாய் வெடித்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். நம் வண்டிகளில் ஏற்றுவது எண்ணெய் டின்னும் தீப்பெட்டிப் பண்டலும்! ஆகவே உயர் அழுத்தக் குழாயும் அதற்குரிய கிளாம்பும் தவிர வேறெதையும் ஏற்க வேண்டாம். பழைய பழக்கத்தில் சூடான எஞ்சினில் பைப்பைக் கழற்றிப் பார்க்கவும் டிரைவரை விடக் கூடாது.

இனி ஒர்க்‌ஷாப்பில் மூன்றே நிபந்தனைகள் வைப்போம். பாகத்தை மாற்றுமுன் கேஜ் காட்டிய அளவைப் பில்லில் எழுத வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். வேலை முடிந்தபின் வண்டியைச் சூடாக ஓட்டி, கால் மணி நேரம் நிறுத்தி, நம் கண்முன் ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆவதைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். அளந்து பார்க்கும் நேரத்துக்கு அவர் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்போம். அந்த அளவு கையில் வரும் வரை, வெயிலில் நின்று வண்டியோடு போராடிய டிரைவரின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.