பைலட் லைசென்ஸ்: எந்த விமானத்துல கத்துக்கறது?

சேலத்துல விமானம் ஓட்டக் கத்துக்கலாமான்னு எங்க கிளாஸ்ல அடிக்கடி பேச்சு வருது. 2022-ல் விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கின ஊர்கள்ல சேலமும் ஒண்ணு. அதுலேருந்து வந்த ஆசை. எல்லாரும் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்கறாங்க. எந்த விமானம்னு யாரும் கேட்கறதில்லை. பி.காம். படிக்கிறவனா எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஏர்லைன்ஸ் வேலைக்கான லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும், அது வேற கதை. மேட்டூர் அணையை ஒரு தடவையாவது மேலேருந்து நாமே ஓட்டிப் பார்க்கணும்ங்கற ஆசைக்கு பிரைவேட் லைசென்ஸ் போதும். 17 வயசு, மெடிக்கல், பரீட்சை, குறைஞ்சது 40 மணி நேரம்.

உலகம் முழுக்க இதுக்குப் பேர்போனது ரெண்டு செஸ்னா. 152-ல ரெண்டு சீட்டு, 110 குதிரைசக்தி, மணிக்குச் சுமார் 23 லிட்டர் குடிக்கும். 1985-லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க, அதனால எது கிடைச்சாலும் நம்மை விட வயசுல பெரிய அண்ணன்தான் :-) 172-ல நாலு சீட்டு, மணிக்கு 32 லிட்டருக்கு மேல போகும். ரெண்டுக்கும் பங்க் பெட்ரோல் ஆகாது, விமான பெட்ரோல்தான். 2022-ல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அதை இறக்குமதிதான் செஞ்சோம்.

அப்போ 152 தானே லாபம்? இங்கேதான் கணக்கு உதைக்குது. 172-க்கு மணிக்கு 100 ரூபாய்னு வெச்சுக்குங்க (சும்மா கணக்குக்கு, நிஜ ரேட் ஆயிரங்கள்ல). 152-க்கு 80. நாற்பது மணியில 172-க்கு 4,000 ஆகுது. 152-ல ஐம்பது மணி ஆச்சுன்னா அதே 4,000! ஐம்பது எப்படி ஆகும்? பழைய விமானம், ஸ்பேர் பார்ட் வர மூணு வாரம். மூணு வாரம் கழிச்சு ஏறினா இறங்கறதையே மறுபடி பழகணும். மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். அப்பாவோட பி.எஃப். பணத்துல படிக்கப்போறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது நம்ம ஊர் வெயில். சேலம் விமான நிலையம் ஆயிரம் அடி உயரத்துலதான் இருக்கு. ஆனா மே மாசம் 40 டிகிரியில காற்று மெலிஞ்சு போறதால, 4,000 அடிக்கு மேல இருக்கிற மாதிரி விமானம் திணறும். கிட்டத்தட்ட ஏற்காட்டுல ரன்வே போட்ட மாதிரி. 152-ல டேங்க் நிரப்பினா ஆளுங்களுக்கு மிஞ்சறது சுமார் 170 கிலோ. நீங்களும் வாத்தியாரும் புரோட்டா பிரியர்களா இருந்தா எண்ணெயைக் குறைக்கணும், இல்லேன்னா விடிகாலையில பறக்கணும்.

டைமண்ட் டிஏ-40-ன் டீசல் மாடல் ஜெட் எரிபொருள்ல ஓடும், செலவும் கம்மி. ஆனா அந்தக் கலர் ஸ்கிரீனுக்கெல்லாம் சேர்த்துத்தான் மணிக்கட்டணம் போடுவாங்க. பெங்களூர் என்.ஏ.எல். செஞ்ச ஹன்சாவும் ரெண்டு சீட்டுதான். 1993-லயே பறந்தது, புது வடிவம் 2021-ல் பறந்தது. பள்ளிகளுக்கு நிறைய வந்தா நான் முதல்ல அதைத்தான் பார்ப்பேன்.

என் ஓட்டு: ஒரு பள்ளியில 152 ரெண்டு மூணும், அங்கேயே மெக்கானிக்கும் இருந்தா 152. ஒண்ணே ஒண்ணுதான் நிக்குதுன்னா கூடக் கொடுத்து 172. பளபள புரோஷரைத் தள்ளி வெச்சுட்டு, போன மாசம் அந்த விமானம் எத்தனை மணி நேரம் பறந்துச்சு, எத்தனை பசங்க அதுக்குக் காத்திருக்காங்கன்னு கேளுங்க. பதில் சொல்ல மழுப்பினா அடுத்த பள்ளிக்கு பஸ் ஏறிடுங்க.