சராசரி மறைக்கும் ஆட்டம்

போன மே மாதம் மகள் வீட்டுக்கு டெல்லி போகும்போது, இறக்கைக்கு நேரே ஜன்னலோர இருக்கை கிடைத்தது. உச்சி வெயில். இறக்கையின் மேல்பரப்பில் மெல்லிய நிழற்கோடு ஒன்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பேரனிடம் காட்டினேன்.

"கண்ணாடியில கீறலா தாத்தா?"

"இல்லடா. தாத்தா முப்பது வருஷம் சம்பளம் வாங்கினது இதைப் பார்க்கத்தான்."

அது அதிர்ச்சி அலை. விமானம் ஒலியைவிடக் குறைந்த வேகத்தில்தான் போகிறது. ஆனால் வளைந்த இறக்கையின் மேல் ஓடும் காற்று சில இடங்களில் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அந்த வேகம் சட்டென்று குறையும் இடத்தில் அழுத்தமும் அடர்த்தியும் ஒரே தாவலாக ஏறும். அடர்த்தி மாறினால் ஒளி வளையும், அதனால் நிழல். 1886-இல் எர்ன்ஸ்ட் மாக்கும் பேட்டர் சால்ஹரும் பறக்கும் தோட்டாவின் முன்னால் நின்ற அலையைப் படம் பிடித்ததும், ஒளி வளையும் இதே குணத்தை வைத்துத்தான்.

பாடப்புத்தகத்தில் இந்த அலை அசையாத கோடு. நிஜத்தில் அப்படி இருப்பது அபூர்வம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

காற்றுச்சுரங்கத்தில் வேலை பார்த்த காலம். தட்டை முகம் கொண்ட உருளை மாடல். முகத்தின் நடுவில் முன்னால் நீட்டிய கம்பி. கம்பி, அலையை முகத்திலிருந்து தள்ளி வைத்துக் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும். ஆனால் கம்பியின் நீளம் உருளையின் விட்டத்துக்கு நெருக்கமாக இருந்தால் வம்பு. இடையில் சிக்கும் காற்று பால் பொங்குவதுபோல் உப்பி அலையை வெளியே தள்ளும், பிறகு வழிந்து அடங்கும், மறுபடி உப்பும். எங்களுடையது போன்ற சின்ன மாடலில் இது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்.

நாங்கள் அழுத்தத்தை அளந்தது நீளமான மெல்லிய குழாய்கள் வழியாக. அந்தக் குழாய்களுக்கு இவ்வளவு வேகமான ஆட்டம் தெரியாது. முள் அமைதியாக ஒரே எண்ணைக் காட்டியது. மின்பொறி வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்களிலோ அலை மூன்று இடங்களில் இருந்தது. மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். "எது அழகா இருக்கோ அதைப் போடுப்பா" என்றார். போட்டேன். கையெழுத்தும் என்னுடையதுதான்.

சில வாரம் கழித்து இன்னொரு சோதனையில் கம்பி அடியோடு முறிந்து பறந்தது. முறிந்த முகத்தில், ஆடி ஆடி உலோகம் களைத்ததன் வரிகள். அழுத்த எண் சரியாகத்தான் இருந்தது. சராசரி ஆழம் இடுப்பளவு என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான்.

எங்கள் கம்பி முறிந்ததில் யாருக்கும் காயமில்லை. அலை இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1966 ஜனவரி 25 சாட்சி. எஸ்.ஆர்-71 விமானம் மாக் 3-ஐத் தாண்டிப் பறந்தபோது, வலது எஞ்சினின் காற்று நுழைவாயிலுக்குள் நிற்க வேண்டிய அலை வெளியே துப்பப்பட்டது. விமானம் நடுவானில் சிதறியது. பில் வீவர் பிழைத்தார். உடன் பறந்த ஜிம் ஸ்வேயர் இறந்தார்.

இன்று கணினி வண்ண வண்ணமாகப் படம் போடுகிறது. சராசரி ஓட்டக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஆட்டத்தைக் கணக்கிடப் பல மடங்கு நேரமும் செலவும் ஆகும். அதனால் பல இளைஞர்கள் முதல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அழகான படத்தைத்தான் போட்டேன்.

சராசரி வீண் என்று சொல்லவில்லை. எரிபொருள் கணக்குக்கு அது போதும். ஆனால் உலோகத்தைக் களைக்க வைப்பது ஆட்டம். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எவ்வளவு ஆடுகிறது என்பதையும் எழுத வேண்டும். கருவிக்கு அந்த ஆட்டம் தெரியாதென்றால் அதையும் எழுத வேண்டும். அது இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது.

விமானம் இறங்கத் தொடங்கியதும் கோடு மறைந்தது. பேரன் கேட்டான்: "அது ஏன் தாத்தா ஒரு இடத்துல நிக்கவே இல்ல?"

அன்று அந்த அறையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.