விசில் எப்போது ஊத வேண்டும்?

2014 செப்டம்பர் 24. தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடைப்பந்தில் மங்கோலியாவை எதிர்த்து விளையாட வந்த கத்தார் வீராங்கனைகளிடம் தலையில் அணிந்திருந்த ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். ஒரு புள்ளிகூட விழாமலேயே ஆட்டம் மங்கோலியாவுக்குப் போனது. கத்தார் அணி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், இந்திய அணியின் அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங் இருவரும் தலைப்பாகையைக் கழற்றிய பிறகே களத்தில் இறங்க முடிந்தது. அதே போட்டியில்தான் இந்தியா சீனாவை வீழ்த்தியது. அந்த வெற்றியைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பலரும் தலைப்பாகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் நடுவர்கள் விதிப்புத்தகப்படியே நடந்தார்கள். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகள் தலையணி, முடி அலங்காரப் பொருள், நகை மூன்றையும் ஒரே வரியில் தடை செய்திருந்தன. பிறருக்குக் காயம் ஏற்படக்கூடாது என்பதே காரணம். கொண்டை ஊசி கண்ணில் குத்தும், மோதிரம் விரலைக் கிழிக்கும் என்பது சரிதான். ஆனால் இறுகக் கட்டிய துணி யாரைக் காயப்படுத்தும்? இந்தக் கேள்விக்கு ஃபிபாவிடம் நல்ல பதில் இருக்கவில்லை. கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு அதே ஆண்டு மார்ச் மாதமே தலையணியை அனுமதித்துவிட்டது. கூடைப்பந்து 2017 வரை இழுத்தது. அந்த ஆண்டு மே மாதம் ஹாங்காங்கில் கூடிய ஃபிபா மாநாடு விதியை மாற்றியது. அக்டோபர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. தலையணி கறுப்பாகவோ வெள்ளையாகவோ சட்டையின் முதன்மை நிறத்திலோ இருக்கலாம். அணியில் தலையணி அணிவோர் அனைவருக்கும் ஒரே நிறம் வேண்டும். முகத்தை மறைக்கக்கூடாது. முகத்தையோ கழுத்தையோ சுற்றித் திறந்து மூடும் கொக்கி எதுவும் கூடாது.

மாற்றம் வந்தும் சிலருக்குக் காலம் கடந்துவிட்டது. அமெரிக்காவின் பில்கிஸ் அப்துல் காதர் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் 3,000 புள்ளிகளுக்கு மேல் குவித்தவர். பல்கலைக்கழகத்திலும் ஹிஜாபுடனேயே ஆடினார். வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராகும் அவர் கனவு அந்த ஒரு வரியில் நின்றுபோனது.

தூடோங் அணிந்த தோழிகளோடு ஒரே அணியில் ஆடும் நம் மாணவிகளுக்கு இது தூரத்துக் கதை அல்ல. தஞ்சோங் கிளிங்கிலிருந்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்தோ இடைநிலைப்பள்ளிக்குப் போய், அங்கே முதன்முதலாகக் கூடைப்பந்தைத் தொடும் பிள்ளைகளுக்கு வேறு வகைச் சிக்கலும் உண்டு. கையில் கோயில் கயிறு, கழுத்தில் தாயத்து, காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி. தோடும் மூக்குத்தியும் நகை. விதி அவற்றைத் தெளிவாகத் தடுக்கிறது. கயிற்றின் பெயர் விதியில் இல்லை. ஆபத்து உண்டா இல்லையா என்பது முதன்மை நடுவரின் முடிவு. கயிற்றைக் கழற்றச் சொன்னால் அம்மாவிடம் என்ன பதில் சொல்வது என்று கலங்கும் பிள்ளை நன்றாக ஆடாது.

ஆகவேதான் இந்தச் சோதனை எப்போது நடக்கிறது என்பது முக்கியமாகிறது. ஃபிபா விதிப்படி, குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே நடுவர்கள் களத்துக்கு வந்துவிட வேண்டும். வீரர்கள் உடலைச் சூடேற்றும் அந்த நேரத்திலேயே தோடு, நகம், கைக்காப்பு எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அப்போது சொன்னால் கழற்றவும் யோசிக்கவும் பயிற்றுநரிடம் பேசவும் அவகாசம் இருக்கும். ஆட்டத்தின் நடுவே, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளையை நிறுத்திக் கழற்றச் சொல்வது விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அது நடுவரின் தாமதத்துக்குப் பிள்ளை கொடுக்கும் விலை.

பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்கு வேறு. காயத்துக்கே விதி ஒரு பொறுமையைக் கேட்கிறது: பந்தை வைத்திருக்கும் அணி எறியும் வரையோ, பந்தை இழக்கும் வரையோ, ஆடாமல் நிறுத்தும் வரையோ நடுவர் காத்திருக்க வேண்டும். காயமடைந்தவரைப் பாதுகாக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் உடனே விசில். உபகரணத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பது என் எண்ணம். காலணிக் கயிறு அவிழ்ந்தால் பந்து நிற்கும் வரை பொறுக்கலாம். எதிரணி வேகமாகக் கூடையை நோக்கி ஓடும்போது ஒருவர் குனிந்து கயிறு கட்டுவதற்காக ஆட்டத்தை நிறுத்தினால், தோற்கும் அணிகள் எல்லாம் கயிற்றை அவிழ்த்துக்கொள்ளும்! மூக்குக்கண்ணாடி உடைந்து சில்லு தரையில் சிதறினால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது.

இரண்டுக்கும் நடுவில் சில நேரங்கள் உண்டு. 2019 பிப்ரவரி 20 அன்று டியூக் பல்கலைக்கழகத்தின் சயோன் வில்லியம்சன் திரும்ப முயன்றபோது அவருடைய நைக்கி காலணி கிழிந்து, பாதமே வெளியே வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னாள் அதிபர் ஒபாமா அரங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வில்லியம்சனுக்கு முழங்கால் சுளுக்கு. அன்றைக்கு அவர் திரும்ப வரவில்லை. உபகரணச் சிக்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் காயமாகிவிட்டது. பல வாரம் தேய்ந்த காலணியோடு பயிற்சிக்கு வரும் மாணவர்கள் அந்தக் காணொளியை ஒரு முறை பார்க்கலாம்.

மாணவிகளுக்கு ஒரு செய்தி: புதிதாகக் குத்திய மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ நகையை உடனே கழற்ற முடியாது, துளை ஆறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும். மாவட்டப் போட்டியின் தேதியைப் பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு, மூக்குக் குத்தும் நாளை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.