டைனோசரும் எங்களுக்குத்தான்

"மலையகத்துப் பிள்ளையா? அப்போ லயத்தைப் பத்தி ஒரு கட்டுரை தாங்களேன்." கெம்பஸில் யார் சஞ்சிகை போட்டாலும் என்னிடம் கேட்பது இதுதான். சம்பளம், லயம், அட்டைக்கடி. எழுத வேண்டியதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பழைய சைக்கிள் பிடிக்கும், டைனோசர் பிடிக்கும், ரொக்கெட் பிடிக்கும். கலைப்பீடத்தில் படிக்கிற ஹட்டன் பக்கத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் எங்க சிவனொளிபாதமலை. டிசம்பரில் சீசன் தொடங்கினால் மஸ்கெலியா, நல்லதண்ணி வழியா பஸ் பஸ்ஸாகச் சனம் போகும். இந்த மலையை மனதில் வைத்து, உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவதாக ஒரு நாவலே இருக்கிறது. எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இந்த நாட்டிலேயே குடியிருந்தவர். நாவல் வந்தது 1979இல்.

விஷயம் இதுதான். பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே, கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை விட்டால், பூமி ஒரு சுற்றுச் சுழலும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கும். கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். அங்கிருந்து கயிறு ஒன்றை இறக்கிவிட்டால் ஏறிப் போகலாம். அந்த நீளத்துக்குத் தாங்குகிற கயிறுதான் இன்னும் யாரிடமும் இல்லை. இன்னொரு சிக்கல், நாம் இருப்பது பூமத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கே. கிளார்க் யோசிக்கவே இல்லை, இலங்கையைத் தூக்கித் தெற்கே வைத்துவிட்டார்! நாவல்தானே.

டைனோசர் எலும்பு எங்க மலையில் கிடைக்காது. இங்குள்ள பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியே 50 கோடி வருஷத்துக்கு மேலாகிறது. டைனோசர் வந்ததோ சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்னால்தான். ஆனால் எங்க பூட்டன்மார் பலர் கப்பலேறி வந்த பழைய திருச்சி ஜில்லாவில் கிடைத்தது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் எடுத்த ராட்சத எலும்புகளுக்கு 1987இல் 'புருகத்காயசோரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'பிருகத்காய', பேருடல். உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். உறுதிப்படுத்த வழியில்லை, எலும்புகள் மழை ஈரத்தில் சிதைந்து போய்விட்டன. இதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சைக்கிளா? ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே போகிற ஊரில் சைக்கிள் பைத்தியம் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903இல் பறந்த அவர்களுடைய விமானத்தின் விசிறியைச் சுற்றியது சங்கிலிதான். அந்த விமானத்தின் ஒரு துண்டு மரத்தையும் துணியையும் 1969இல் ஆம்ஸ்ட்ராங் நிலாவுக்குக் கொண்டுபோனார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். நாம் கொண்டுபோய்க் கொடுப்பதோ கடந்தகால வினாத்தாள் கட்டு. அடுத்த தடவை புத்தகம் சேர்க்கிறவர்கள் அந்தக் கட்டுக்குள்ளே ஒரு டைனோசர் படப்புத்தகமும் வையுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.