கண்ணுக்குத் தெரியாத புகை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

வேதியியல் என்றதும் குடுவையும் ஆய்வுக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. திண்டுக்கல் பழனி சாலையில் ஏதேனும் ஒரு மோட்டார் பட்டறை வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். அங்கும் வேதியியல்தான் நடக்கிறது. டீசல் வண்டி வருகிறது. "இழுவை இல்லை, கரும்புகை தள்ளுது" என்கிறார் ஓட்டுநர். "ஈ.ஜி.ஆரை அடைச்சிடலாம்ணே" என்கிறார் மெக்கானிக். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் இரும்புத் தகடு, இரண்டு போல்ட்டு, வேலை முடிந்தது. இது சரியன்று என்பது என் கருத்து. ஆனால் அந்த ஓட்டுநரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியன்று.

எஞ்சின் வெளியேற்றும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் அமைப்புக்குத்தான் ஈ.ஜி.ஆர். என்று பெயர். "விட்ட மூச்சையே திரும்ப இழுக்கணுமா?" என்று பட்டறையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அது எளிதில் எதனோடும் சேராது. சிலிண்டருக்குள் வெப்பம் ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மட்டும் ஆக்சிஜனோடு கூடி நைட்ரிக் ஆக்சைடு ஆகிவிடுகிறது. திரும்பிவரும் புகையிலோ ஆக்சிஜன் குறைவு. அதிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உச்ச வெப்பம் தணிய, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. வழியை அடைத்துவிட்டால் அது மிகுதியாக வெளியே வந்து, நைட்ரஜன் டையாக்சைடாக மாறி நுரையீரலை வருத்தும்; வெயில் பட்டால் ஓசோனையும் உண்டாக்கும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

மெக்கானிக் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பிவரும் கரி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து வால்வில் படிகிறது. நாளடைவில் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது. பிறகு இழுவை குறைவதும் கரும்புகை வருவதும் உண்மைதான். ஆனால் கோளாறு சிக்கிய வால்வில் இருக்கிறதேயன்றி ஈ.ஜி.ஆர். என்னும் ஏற்பாட்டில் இல்லை. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையில் முழுப் பாரத்தோடு ஏறும்போது, நல்ல நிலையிலுள்ள வால்வு பொதுவாக ஏறக்குறைய மூடியே இருக்கும். ஆகவே தகடு வைத்ததும் திரும்பக் கிடைத்ததாகச் சொல்லும் இழுவை, வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கழுவி மாட்டினாலும் கிடைக்கும்.

என் தந்தை லோடு வேன் ஓட்டுபவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான் என்பதால், எஞ்சின் பற்றிய சந்தேகமும் என்னிடமே வரும். கழுவ அரை நாள் ஆகும்; அரை நாள் வண்டி நின்றால் ஒரு நடை போயிற்று. புதிய வால்வின் விலையோ தவணைப் பணத்தோடு போட்டியிடுகிறது. இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "ஏம்மா, அடைச்ச வண்டிக்கும் மிஷின் நல்ல வண்டின்னுதானே சீட்டுக் குடுக்குது?"

தோழியரே, விவகாரம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. டீசல் வண்டிக்கான புகைச் சோதனையில் புகையின் கருமையைத்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது. ஈ.ஜி.ஆரை அடைத்தால் கரி குறைவதால், அடைத்த வண்டி இன்னும் எளிதாகவே தேறிவிடும்! 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அளக்காத மாசுக்கு யார் அபராதம் போடுவது?

2017இல் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதி, டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. 2020 ஏப்ரலில் வந்த 6ஆம் விதியோ 0.08 கிராம் என்கிறது. இந்தக் கணக்கெல்லாம் தொழிற்சாலை வாசல்வரைதான். அங்கேயாவது ஒழுங்கு உண்டா என்றால், 2013இல் மாசுச் சோதனையில் தன் ஊழியர்கள் முறைகேடு செய்ததைக் கண்டறிந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சோதனையின்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்திருந்த வோக்ஸ்வேகன் 2015இல் அமெரிக்காவில் பிடிபட்டது. நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அதற்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவர்கள் கம்ப்யூட்டரில் செய்ததை நம் பட்டறையில் தகட்டால் செய்கிறார்கள். இலாபம்தான் வேறு வேறு.

நம் ஊருக்கு இந்தப் பாடம் புதிதுமன்று. தோல் பதனிட்ட கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது கண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இங்கும் அதே 10,000! கிணற்று நீர் கெட்டால் நாக்கு கண்டுபிடிக்கும். காற்றுக்கு அந்த வசதியும் இல்லை.

லாரி, வேன்கள் எஃப்.சி.க்கு வரும்போதாவது நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் கருவி வேண்டும். வால்வு கழுவும் வேலையை ஐ.டி.ஐ. மாணவர்களுக்குக் கட்டாயப் பயிற்சியாக்கினால், குறைந்த கூலிக்குச் செய்ய ஆள் கிடைக்கும். அதுவரை நாமே ஒன்று செய்யலாம் என்று எம் துறைப் பேராசிரியர்களிடம் விண்ணப்பிக்கிறேன். காற்றை உறிஞ்சுகரைசல் வழியே செலுத்தி, சல்ஃபானிலமைடு முதலியவற்றைச் சேர்த்தால், நைட்ரஜன் டையாக்சைடின் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் எழும், நிறமானியில் படித்துவிடலாம். பேருந்து நிலையத்தில் ஒன்று, சிறுமலை அடிவாரத்தில் ஒன்று எனக் காற்றைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த அளவுகளை வெளியிட அடுத்த ஆண்டு மலரில் ஒரு பக்கம் ஒதுக்குமாறு மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.