இரத்த அழுத்தக் கட்டுப்பாடு: யாரை எண்ணுகிறோம்?

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வீடு தேடிச் சென்று பரிசோதிப்பதும் மருந்தைக் கையில் சேர்ப்பதும் இத்திட்டத்தின் வலிமை. ஆயினும் மருந்து பெற்றோரின் எண்ணிக்கை வேறு. அழுத்தம் கட்டுக்குள் வந்தோரின் எண்ணிக்கை வேறு.

2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி ஐந்து கூறுகளை வலியுறுத்துகிறது: எளிய சிகிச்சை நெறிமுறை, தடையற்ற மருந்து இருப்பு, மருத்துவரும் செவிலியரும் களப்பணியாளரும் இணைந்த கூட்டுப்பணி, நோயாளியை மையப்படுத்திய சேவை, ஒவ்வொருவரையும் பின்தொடரும் பதிவேடு. பொதுவாக அழுத்தம் 140/90க்குக் கீழே இறங்கும்வரை சிகிச்சையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கவாதமோ மாரடைப்போ காத்திருக்கிறது.

அது எங்கே அறுகிறது? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் விடியற்காலையில் வேலைக்குச் செல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரமே அவருடைய பணிநேரம். அங்கே போனால் அன்றைய கூலி போய்விடும். பக்கவாதத்தால் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பும் செய்தி அவர் பகுதிச் செவிலியரை எட்டாவிட்டால், கையிலுள்ள மருந்து தீர்ந்ததும் சிகிச்சையும் நின்றுவிடும். இன்னொன்று: தொடாமல் இரத்த அழுத்தத்தை அளக்க இயலாது, கருவியின் பட்டையைக் கையில் சுற்றியாக வேண்டும். தீண்டாமை நிலவும் ஊர்களில் களப்பணியாளர் சேரி வீட்டுக்குள் செல்கிறாரா, தெருமுனையில் மாத்திரையைத் தந்துவிட்டுத் திரும்புகிறாரா என்பது கட்டாயம் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்க அரசு மருத்துவமனை தவறுவது 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என 1996இல் மேற்கு வங்க வேளாண் தொழிலாளர் வழக்கில் கூறியது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்படி குற்றம். ஆனால் அச்சட்டம் வாயிலில் மறிப்பவரையே தண்டிக்கும். சிகிச்சைச் சங்கிலியிலிருந்து நழுவியவரைத் தேடிப் போகாது. அக்கடமை நிர்வாகத்துடையது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். கட்டுக்குள் வந்தோர் விழுக்காடு, சமூகப் பிரிவுவாரியாக வெளியிடப்பட வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சமூகப் பிரிவைப் பதிவுசெய்யும்போது இது இயலாததன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரின் விவரம் ஒரு வாரத்துக்குள் அவர் பகுதி சுகாதார நிலையத்தைச் சேர வேண்டும். தூய்மைப் பணியாளருக்குக் கூலி இழப்பின்றிப் பணியிடத்திலேயே மாதாந்திரப் பரிசோதனை வேண்டும்.

மாணவர்கள் இன்றே தொடங்கலாம். உங்கள் வட்டாரத்தில் பதிவானோர் எத்தனை பேர், ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் எத்தனை பேர், அவர்களில் 140/90க்குக் கீழே வந்தோர் எத்தனை பேர் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் கேளுங்கள். அத்தகைய தரவு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே நம் அடுத்த மனுவுக்கான ஆவணம்.