அடுப்பில் வைத்த கால்

கல்லூரி நாள் விழாவில் மாணவர்கள் ‘லொள்ளு சபா’ பாணியில் ஒரு நாடகம் போட்டார்கள். பழைய பேய்ப்படத்தைப் பகடி செய்யும் நாடகம். வெள்ளைச் சேலையும் விக்கும் மாராப்புக்குள் இரண்டு பலூனுமாக ஒரு பையன் அசைந்து அசைந்து வந்தான். பலூன் வெடித்தது. அரங்கமே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “அவன் நடந்து காட்டுறது என்னையத்தாம்மா” என்றாள். பருமனான பெண்.

‘லொள்ளு சபா’ எனக்கும் பிடிக்கும். இரண்டாயிரங்களில் விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சியிலிருந்துதான் சந்தானம் சினிமாவுக்குப் போனார். கோடிகளில் எடுத்த படத்தைச் சில்லறைச் செலவில் திரும்ப நடித்துக்காட்டி, நாயகனின் பிம்பத்தில் ஓட்டை போட்டார்கள். கட்அவுட்டுக்குப் பாலூற்றும் நாட்டில் அது சின்ன வேலையல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகைப் பகடியில் ஆண் வரும்போது அவனுடைய பொய் கேலிக்குள்ளாகிறது: ஒருவன் இருபது பேரை அடிப்பது, பஞ்ச் வசனம், ஸ்லோமோஷன் நடை. பெண் வரும்போதோ அவளுடைய உடல்தான் கேலிக்குள்ளாகிறது: கறுப்பு, பருமன், வயது. நாயகி எதற்காக மரத்தைச் சுற்றி ஆடுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. மீசைக்காரனுக்குச் சேலை கட்டிவிட்டால் போதும், நகைச்சுவை முடிந்தது. நாயகனைக் கவிழ்த்த கலகக்காரர்கள் நாயகியிடம் வந்ததும் பழைய ஆம்பளைகளாகிவிடுகிறார்கள்.

கேலிக்கு வாகான படம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’. 1978-இல் தெலுங்கில் வந்து, தமிழ் பேசி ஊர் ஊராக ஓடியது. அதில் மோகினிப் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். மலிவான தந்திரக்காட்சி என்று இன்றும் சிரிக்கிறார்கள். நான் அதை எண்பதுகளில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில், பெண்கள் பக்கத்து மணலில், அம்மாவின் மடியில் படுத்துப் பார்த்தேன். மறுநாள் காலை, கருவேல முள்ளை ஒடித்து அடுப்பில் திணித்தபடி அம்மா சொன்னாள்: “எனக்கும் அப்படி ஒரு காலு இருந்தா வெறகு பொறுக்கப் போக வேண்டியதில்லயேடி.”

நான் கேட்ட மிகச் சிறந்த திரைப்படப் பகடி அதுதான். அம்மா பேயைக் கேலி செய்யவில்லை; தன் அடுப்பைக் கேலி செய்தாள். உடம்பையே எரித்துச் சோறாக்கும் வாழ்க்கை அவளுக்குத் தந்திரக்காட்சி அல்ல. இன்றும் எங்கள் மாவட்டத்து நூற்பாலைகளில் இயந்திரத்துக்கு இயந்திரம் நடந்து நடந்து கால் வீங்கி வீடு திரும்பும் பெண்களுக்கும் அது அல்ல.

“காமெடிதானே, இதுக்குப் போய் ஏம்மா கோபப்படுறீங்க?” என்று அந்தப் பையன் கேட்டான். காமெடி என்பதால்தான் தம்பி. வசையென்றால் திருப்பி வைய முடியும். நகைச்சுவை என்றால் அவளும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் ரசனை கெட்டவள் என்பீர்கள்.

சிரிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு நாடகத்தை அந்த மாணவியை எழுதச் சொல்லியிருக்கிறேன். பேய் அடுப்பெரிக்கும், நாயகன் தட்டோடு உட்கார்ந்து, “இன்னொரு கால் இல்லையா?” என்று கேட்பானாம். முதல் காட்சியை எழுதிக்கொண்டு வந்து காட்டிவிட்டாள். ஆசிரியர் அறையில் நாங்கள் ஐந்து பெண்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.